போக கால், வர முக்கால்!

விண்வெளிச் சண்டை கேம்களில் எல்லோருக்கும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. ஊர் நீளத்துக்கு ஒரு தாய்க்கப்பல். அதன் வயிற்றில் கதவு திறக்கிறது. மழைக்கால ஈசல் மாதிரி குட்டிக் குட்டி ஃபைட்டர் விமானங்கள் புறப்பட்டு எதிரியை நோக்கிச் சீறுகின்றன. பின்னணியில் டிரம்ஸ் அதிர்கிறது. ஆடுகிறவன் கையில் மௌஸ் வியர்க்கிறது.

எனக்கும் வியர்க்கும். ஆனால், நான் காத்திருப்பது அதற்காக இல்லை. சண்டை ஓய்ந்த பிறகு, மிச்சம் மீதி விமானங்கள் இறக்கை கருகி, புகை கக்கிக்கொண்டு (விண்வெளியில் புகை ஏது என்று கேட்காதீர்கள், கேம்களில் உண்டு) ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதே கதவுக்குள் நுழையுமே, அந்தக் காட்சிக்காக. அப்போது நான் எண்ணுவேன். போனது 15. வந்தது ஒன்று, இரண்டு, மூன்று...

"சாயங்காலம் கோழியைக் கூடையில போட்டு மூடற மாதிரி இருக்கு" என்பாள் மனைவி. கிட்டத்தட்ட அதேதான்.

முப்பது வருஷமாக இந்த வகை விளையாட்டுகளை ஆடித் தூக்கம் கெட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன். ஃபைட்டரை வெளியே அனுப்புவது எந்த கேமிலும் சுலபம். ஒரு பட்டன், அவ்வளவுதான். அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் சமாசாரத்தை எப்படிக் கையாண்டிருக்கிறான் என்பதை வைத்துத்தான், கேமை வடிவமைத்தவன் விஷயம் தெரிந்தவனா, சும்மா பட்டாசு கொளுத்துகிறவனா என்று நான் முடிவு கட்டுவது.

எனக்கு இந்த வியாதியைத் தொற்ற வைத்தது 'விங் கமாண்டர்'. அமெரிக்காவின் ஆரிஜின் சிஸ்டம்ஸ் 1990-ல் வெளியிட்டது. கிறிஸ் ராபர்ட்ஸ் என்பவரின் கைவண்ணம். நீங்கள் 'டைகர்ஸ் க்ளா' என்கிற விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு பைலட். எதிரிகள் கில்ராத்தி, பூனை முகக்காரர்கள். கப்பலின் குழாயிலிருந்து துப்பாக்கிக் குண்டு மாதிரிப் புறப்பட்டுப் போய்ச் சண்டை போட வேண்டும். போட்டால் போதாது, திரும்பி வர வேண்டும். பாதிக் கருவிகள் செத்துப்போன விமானத்தை உருட்டிக்கொண்டு கப்பல் பக்கத்தில் வந்து, ரேடியோவில் "இறங்கலாமா?" என்று அனுமதி கேட்டு, கிடைத்த பிறகுதான் உள்ளே. வீட்டு வாசல் வரை வந்துவிட்டுக் காலிங் பெல் அடிக்கக் காத்திருக்கிற மாதிரி. அந்த சில விநாடிகள் இருக்கிறதே, மொத்த கேமிலும் நெஞ்சு படபடத்தது அப்போதுதான்.

அதைவிட இன்னொன்று. உங்களோடு பறந்து வந்த ஜோடி பைலட் செத்துப்போனால் கேம் அதை மறந்துவிடாது. இறுதிச் சடங்கு நடக்கும். சவப்பெட்டியை மெதுவாக விண்வெளியில் தள்ளிவிடுவார்கள். அடுத்த மிஷனில் அவர் இருக்க மாட்டார். முதல் நாள் பாரில் உட்கார்ந்து உங்களுக்கு யோசனை சொன்ன ஆசாமி. நாற்காலி காலி. உங்கள் விமானம் வெடித்தால் உங்களுக்கும் சடங்கு உண்டு. என் சொந்தச் சாவுக்கே நான் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு நண்பர். கணக்கில் புலி. டீக்கடை பாக்கியைக்கூட டெபிட், கிரெடிட் போட்டு எழுதி வைக்கிற ஜாதி. 1999-ல் 'ஹோம்வேர்ல்ட்' வந்தபோது, சனிக்கிழமை மதியம் மேனேஜர் தலை மறைந்ததும் ஆபீஸ் கம்ப்யூட்டர் இரண்டை இணைத்து அவரும் நானும் மோதிக்கொள்ள ஆரம்பித்தோம். (அந்த கம்ப்யூட்டர்களும் அந்த மேனேஜரும் ஓய்வு பெற்றுவிட்டதால் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.)

கனடாவின் ரெலிக் கம்பெனி செய்த கேம் அது. அதுவரை வந்த போர் கேம்கள் பெரும்பாலும் தரையில் நடந்தன. இது மேல், கீழ் என்று எல்லாத் திசையிலும் விரிந்த முழு விண்வெளியில் நடந்தது. கதையும் சாதாரணமில்லை. காரக் என்கிற பாலைவனக் கிரகத்து ஜனங்கள் தங்கள் பூர்வீக வீட்டைத் தேடித் தாய்க்கப்பல் ஒன்றைக் கட்டுகிறார்கள். ஒரு சோதனை ஓட்டம் போய்விட்டுத் திரும்பினால் கிரகமே எரிந்துகொண்டிருக்கிறது. மிச்சம், உறைநிலைப் பெட்டிகளில் தூங்கும் 6 லட்சம் பேரும், கப்பலில் இருப்பவர்களும். அவ்வளவுதான் அந்த இனம். ஒரு மிஷனில் பிழைத்த கப்பல்களைத்தான் அடுத்த மிஷனுக்கு ஓட்டிப் போக முடியும். புதுப் பட்டாளம் இலவசமாக வராது.

இதில் ஃபைட்டர்களுக்கு எரிபொருள் உண்டு. சுற்றிச் சுற்றிச் சண்டை போட்டால் டேங்க் இறங்கும். தீர்ந்துபோனால் பழைய சுறுசுறுப்பு போய்விடும், எதிரிக்குப் பலகாரம். தாய்க்கப்பலுக்கோ, கேரியருக்கோ, 'சப்போர்ட் ஃப்ரிகேட்' என்கிற உதவிக் கப்பலுக்கோ வந்து ஒட்டிக்கொண்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். அடிபட்டிருந்தால் அங்கேயே ரிப்பேரும் ஆகும்.

நண்பருக்கு இதெல்லாம் தண்டச் செலவு.

"எதுக்கு சார் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டு? வர நேரம், நிரப்பற நேரம், மறுபடி போற நேரம்... அதுக்குள்ள புதுசா அஞ்சு செஞ்சு அனுப்பிடலாம். பழசை ரைட் ஆஃப் பண்ணிடுங்க."

"உள்ளே ஆள் இருக்கான் சார்."

"கம்ப்யூட்டர் உள்ளேயா?"

இந்த மாதிரி ஆளிடம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிப் பிரயோஜனமில்லை. அவர் பாஷையில், கணக்காகவே சொல்ல வேண்டும். சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கொஞ்சம் பள்ளிக்கூட பௌதிகம்தான், பயப்படாதீர்கள்.

பூமியில் விமானத்துக்குக் காற்று உதவி செய்கிறது. காற்றைத் தள்ளித் திரும்பலாம், காற்றே வேகத்தையும் குறைக்கும். விண்வெளியில் பிரேக் கிடையாது. ஒரு தடவை உந்திவிட்டால் யாராவது நிறுத்தும்வரை போய்க்கொண்டே இருப்பீர்கள். நிறுத்துகிற 'யாராவது' நீங்கள்தான். எதிர்ப்பக்கமாக அதே அளவு உந்த வேண்டும்.

இப்போது ஃபைட்டர் ஒன்று கேரியரை விட்டுப் புறப்படுகிறது. வேகம் பிடிக்க ஒரு உந்தல். எதிரி இருக்கும் இடத்தில் சண்டை போட்டுவிட்டு, போகிற போக்கை நிறுத்த இன்னொரு உந்தல். கப்பலை நோக்கித் திரும்பி அதே வேகம் பிடிக்க மூன்றாவது. கப்பல் பக்கத்தில் வந்ததும் அதன் மேல் போய் முட்டாமல் நிற்க நான்காவது. ஆக நாலு உந்தல். அதில் போவதற்கு ஒன்று. திரும்பி வருவதற்கு மூன்று! போக கால், வர முக்கால். (எரிபொருள் தீரத் தீர எடை குறைவதால் டேங்க் கணக்கு கொஞ்சம் மாறும். நண்பரிடம் அதைச் சொல்லவில்லை, பிடித்துக்கொள்வார்.) இடைப்பட்ட நேரத்தில் கேரியர் தன் பாட்டுக்கு வேகத்தை மாற்றி வேறு பக்கம் திரும்பியிருந்தால் அதைத் துரத்திப் பிடிக்க இன்னும் செலவு.

நண்பர் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப மிஸைல் போதுமே சார்? நாலு உந்தலையும் போறதுக்கே வெச்சுக்கலாம்."

சரியான கேள்வி. விண்வெளிப் போரைப் பற்றி நிஜமாக யோசிக்கிறவர்கள் பலரும் சொல்வது இதைத்தான். ஏவுகணை திரும்ப வேண்டாம். பிராண வாயு வேண்டாம். அதற்காக யாரும் வாசலில் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். கணக்குப்படி பார்த்தால் ஆள் உட்கார்ந்த ஃபைட்டருக்கு விண்வெளியில் வேலையே கிடையாது. அதனால்தான் பெரும்பாலான கேம்கள் பௌதிகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தினால் விமானமும் மொபெட் மாதிரி நின்றுவிடும் என்று வைத்துக்கொள்கின்றன. ஜார்ஜ் லூகாஸ் 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்தபோது, விண்வெளிச் சண்டைக்கு மாதிரியாகப் பார்த்தது இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டைப் படச்சுருள்களை. அன்றிலிருந்து எல்லோரும் பசிபிக் கடலைத்தான் விண்வெளி என்று காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பசிபிக் கடல் என்றதும், இந்தத் தலைவலி அங்கே நிஜமாகவே இருந்தது. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து விமானம் கிளம்பவும் இறங்கவும் கப்பல் காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்பி வேகமாக ஓட வேண்டும். எதிரி எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, காற்று சொல்கிற பக்கம்தான் போக முடியும். நம் பழைய விக்ராந்த்துக்கு 1971 போரின்போது நாலு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். வேகம் குறைந்த கப்பலிலிருந்து 'ஸீ ஹாக்' ஜெட்களைக் கிளப்பக் காற்று போதுமா என்பதுதான் அன்றைய பெரிய கவலை. கிளப்பினார்கள். டிசம்பர் 4-ம் தேதி காக்ஸ் பஜாரைத் தாக்கிவிட்டு வந்தார்கள்.

மேல்தளத்தில் இன்னொரு சங்கடம். ஒன்று விமானத்தை அனுப்பலாம், அல்லது இறக்கலாம். அந்தக் காலத்து நேர்தளக் கப்பல்களில் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. 1942 ஜூன் 4-ம் தேதி காலை, மிட்வே தீவுக்குப் பக்கத்தில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவுக்கு வந்த சோதனை இதுதான். அவரிடம் நாலு விமானந்தாங்கிகள். தீவின் மேல் குண்டு போடப் போன விமானங்கள், எரிபொருள் குறைந்து திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. அந்த நேரம் பார்த்து, அமெரிக்கக் கப்பல்கள் பக்கத்தில் இருப்பதாகத் தகவல். கையில் இருக்கிறதை உடனே கிளப்பி அடிக்கலாம் என்றார் 'ஹிர்யூ' கப்பலிலிருந்த யமகுச்சி. கிளப்பினால் தளம் அடைபடும், திரும்பி வருகிற பையன்கள் கடலில் விழ வேண்டியதுதான். நகுமோ முதலில் அவர்களை இறக்கிக்கொண்டார். பிறகு அடுத்த தாக்குதலுக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, பத்தரை மணி வாக்கில், அமெரிக்க டைவ் பாம்பர்கள் வந்துவிட்டன. சில நிமிஷங்களில் மூன்று கப்பல்கள் தீப்பிடித்தன. நாலாவது, அன்று சாயங்காலம்.

நகுமோவைத் திட்டி எத்தனையோ புத்தகங்கள் வந்திருக்கின்றன. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து திட்டுவது சுலபம். நாலு கம்ப்யூட்டர் விமானங்களை விட்டுவிட்டு வர மனசு வராதவன் நான். நூறு நிஜ மனிதர்கள் தலைக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தால்?

இரண்டு வருஷம் கழித்து எதிர்த்தரப்புக்கும் அதே பரீட்சை வந்தது. 1944 ஜூன் 20, பிலிப்பைன் கடல். அமெரிக்க அட்மிரல் மிட்சர், மாலை வெகு நேரம் கழித்து 200-க்கும் மேற்பட்ட விமானங்களை, எட்டுகிற தூரத்தின் கடைசி விளிம்புக்கு அனுப்பிவிட்டார். அடித்துவிட்டுத் திரும்பும்போது கும்மிருட்டு, டேங்க் காலி. பலருக்கு இரவில் கப்பலில் இறங்கிப் பழக்கம் இல்லை. போர்க்காலத்தில் கப்பல்களில் ஒரு பீடி நெருப்புக்கூடத் தெரியக் கூடாது, நீர்மூழ்கி மோப்பம் பிடித்துவிடும். மிட்சர் எல்லா விளக்கையும் போடச் சொன்னார். வானத்தை நோக்கி சர்ச்லைட். யாருடைய கப்பல் என்று பார்க்காதே, எது கண்ணில் படுகிறதோ அதில் இறங்கு! ஏறத்தாழ 80 விமானங்கள் கடலில் விழுந்தும் தளத்தில் மோதியும் நாசமாயின. ஆனால், ஆட்களில் பெரும்பாலோரைத் தண்ணீரிலிருந்து பொறுக்கி எடுத்துவிட்டார்கள்.

நம் நண்பரின் 'ரைட் ஆஃப்' முறைப்படி அன்றைக்கு விளக்கு எரிந்திருக்காது.

இந்தச் சங்கடத்தை அழகாகப் பிடித்தவர்கள் கம்ப்யூட்டர்காரர்களைவிட மேஜையில் பொம்மைக் கப்பல் வைத்து, தாயக்கட்டை உருட்டி ஆடுகிறவர்கள் என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்தில் ஜான் டஃப்லி என்பவர் உருவாக்கிய 'ஃபுல் த்ரஸ்ட்' அப்படி ஒரு விளையாட்டு. அதில் ஃபைட்டர்கள் ஆறு ஆறாகக் குழு சேர்ந்து போகும். அவற்றை அனுப்புகிற அல்லது ஏற்றிக்கொள்கிற சுற்றில் கேரியர் திசையையோ வேகத்தையோ மாற்றக் கூடாது. விண்வெளியில் காற்று இல்லை, ஆனாலும் கப்பல் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி ஒரே கோட்டில் போக வேண்டும். யோசித்தால் நியாயம்தான். கதவுக்குள் நுழையப் போகிற நேரத்தில் கப்பல் எஞ்சினைத் தட்டினால் கதவு நகர்ந்து சுவர் வந்து முகத்தில் அறையும். எதிராளிக்கோ அந்தச் சுற்றில் கேரியர் எங்கே இருக்கும் என்று கோலப்புள்ளி வைத்த மாதிரித் தெரியும். குறி பார்த்துக் காத்திருப்பான். ஒரு சின்ன விதி. மிட்வே முழுக்க அதற்குள் இருக்கிறது.

'ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்' வேறு ரகம். 1979-ல் ஸ்டீபன் கோல் ஆரம்பித்து வைத்தது. சட்டப் புத்தகம் வருமான வரிச் சட்டத்துக்கு அண்ணன். ஒரு சுற்று என்பது 32 கூறுகள். திரும்பி வரும் ஃபைட்டரை இழுவைக் கதிரால் பிடித்து உள்ளே இழுக்கலாம். உள்ளே வந்ததும் அதற்கு மறுபடி ஆயுதம் மாட்டத் தளத் தொழிலாளர்கள் வேண்டும், அவர்கள் இத்தனை நேரத்துக்கு இவ்வளவுதான் மாட்டுவார்கள் என்று அதற்கும் கணக்கு. நான் அறிந்தவரையில் தளத்தில் குண்டு தூக்குகிறவனுக்கும் மரியாதை கொடுத்த விண்வெளி விளையாட்டு அதுதான். நண்பரிடம் காட்டினேன். ஸ்டார் வார்ஸ் பார்த்துத் தூங்கியவர், இந்த விதிகளைக் கண் விரியப் படித்தார். "நல்ல ஆடிட்டர் சார் இவரு" என்றார்.

அந்தப் படிப்பின் விளைவோ என்னவோ, ஒரு சனிக்கிழமை நடந்தது இது.

ஆட்டம் உச்சத்தில் இருந்தது. அவருடைய பதினைந்து ஃபைட்டர்கள் என் எல்லைக்குள் வந்து ரகளை பண்ணிவிட்டு, எரிபொருள் தீரும் நிலையில் இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தன. எனக்குச் சந்தோஷம். வழக்கம்போல விட்டுவிடுவார், பொறுமையாக ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொள்ளலாம். ஆனால், அவருடைய கேரியர் அசைந்தது. பின்வாங்கவில்லை, முன்னால் வந்தது! நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி மெள்ள மெள்ள, பாதிப் படத்தைத் தாண்டி, அந்தப் பதினைந்தையும் ஏற்றிக்கொள்ள வந்துகொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் என்னுடைய அயான் கேனன் ஃப்ரிகேட்கள் ஆறு, தயாராக.

அவருடைய ஃபைட்டர்கள் வரிசை கட்டிக்கொண்டு கதவுக்கு வந்தபோது சுட்டேன். சும்மா இருக்க முடியுமா, ஆட்டம் ஆட்டம்தானே. நீல நிறத்தில் ஆறு கோடுகள். கேரியர் போய்விட்டது. ஸ்பீக்கரில் அந்த வெடிச்சத்தம் அடங்க வெகு நேரம் பிடித்தது. ஆபீஸ் வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எதுக்கு சார் வந்தீங்க? ஜெயிச்சுக்கிட்டிருந்தீங்களே?"

மௌஸைத் துணியால் துடைத்து, மேலே கவரைப் போட்டு மூடினார்.

"நீங்க ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கிட்டே இருக்கீங்களே சார். எனக்கும் தொத்திக்கிச்சு. பதினஞ்சுன்னு மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. விட்டுட்டுப் போக முடியலை."

எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. பஸ் ஸ்டாண்ட் வரை பேசாமல் நடந்தோம். அவருடைய பஸ் முதலில் வந்தது.

பின்னாளில் வந்த ஹோம்வேர்ல்டின் இரண்டாம் பாகத்தில் (2003) எரிபொருள் சமாசாரத்தையே எடுத்துவிட்டார்கள். 2015-ல் முதல் பாகத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது அதிலும் இல்லை. ஆடுகிறவர்களுக்குத் தொந்தரவாம். படம் பளபளவென்று கண்ணைப் பறிக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், டேங்க் காலியாகாத ஃபைட்டர் வீட்டுக்கு வர வேண்டிய அவசியமே இல்லாமல் ராத்திரியெல்லாம் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் பழைய சி.டி.யைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை வந்தார். முதல் அரைமணி நேரம் சண்டைக்கே வரவில்லை. என்னடா என்று உளவு விமானம் அனுப்பிப் பார்த்தால், சப்போர்ட் ஃப்ரிகேட் மூன்று கட்டி, அவர் கேரியருக்கும் என் எல்லைக்கும் நடுவே, என் பீரங்கிகளுக்கு எட்டாத தூரத்தில், பெட்ரோல் பங்க் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார். பிறகுதான் பதினைந்து ஃபைட்டர்கள் வந்தன. அடித்தன. பங்க்கில் நின்றன. நிரப்பிக்கொண்டு மறுபடி வந்து அடித்தன. என் ஃப்ரிகேட்கள் நாலு காலி. துரத்திக்கொண்டு போவதற்குள் எல்லாம் திரும்பி, பின்னால் பத்திரமாக நின்ற கேரியரை நோக்கி வரிசையாகப் போய்விட்டன.

எதிர் மேஜையில் உதடு அசைவது தெரிந்தது. பன்னிரண்டு... பதின்மூன்று... பதினாலு... கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஒன்று மட்டும் அடிபட்டு, பின்தங்கி, தள்ளாடிக்கொண்டு வந்தது போலிருக்கிறது. அவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்து மானிட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"டாலி ஆயிடுச்சு சார்!"